சிகிச்சைக்காகச் சென்னையில் மூன்று மாதம்: ஒரு பெட்ரூம் வீடு தேடிய அனுபவம்

பதினோரு மாத அக்ரிமென்ட்டுக்குச் சென்னையில் வீடு தேடுவது ஒரு வேலை. மூன்று மாதத்துக்குத் தேடுவது முற்றிலும் வேறு வேலை. முதலாவதில் வாடகையும் அட்வான்ஸும் ஒத்துப்போனால் பேச்சு முடிந்தது. இரண்டாவதில் வீட்டுக்காரர் எடுத்தவுடனே கேட்பது, "ஏன் மூணு மாசம் மட்டும்?" எங்களிடம் அதற்கு ஒரே பதில்தான் இருந்தது. அப்பாவுக்குத் தொண்டையில் புற்றுநோய், கதிர்வீச்சு சிகிச்சைக்காகக் கோவில்பட்டியிலிருந்து வந்திருக்கிறோம். இதே காரணத்துக்காகத் தெற்கிலிருந்து ரயில் ஏறும் குடும்பங்கள் நிறைய. அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

டாக்டர் ஏழு வாரம் என்றார். திங்கள் முதல் வெள்ளி வரை தினமும் கதிர்வீச்சு, வாரம் ஒருமுறை கீமோ. "ஏழு வாரம்தானே, ஆஸ்பத்திரி பக்கத்துல ஒரு லாட்ஜப் போட்டுட்டாப் போச்சு" என்றார்கள் சொந்தக்காரர்கள். ஆனால் அந்த ஏழு வாரம் என்பது மெஷின் ஓடும் கணக்கு. அதற்கு முன்னால் பல் டாக்டரைப் பார்க்க வேண்டும், ஸ்கேன் எடுக்க வேண்டும், கதிர் கொடுக்கும்போது தலை அசையாமல் இருக்க முகத்துக்கு அளவெடுத்து மாஸ்க் செய்ய வேண்டும், பிளானிங் முடியும்வரை காத்திருக்க வேண்டும். இதற்கே ஒன்றிரண்டு வாரம் போய்விடும். சிகிச்சை முடிந்த மறுநாளே மூட்டை கட்டவும் முடியாது. வாய்ப்புண்ணும் விழுங்கும்போது வரும் வலியும் கடைசி நாளோடு நிற்பதில்லை, முடிந்து ஒன்றிரண்டு வாரம்வரை கடுமையாகவே இருக்கும். நடுவில் ரத்த அணுக்கள் குறைந்தால் கீமோ தள்ளிப்போகும். டாக்டர் சொல்லும் வாரங்களோடு குறைந்தது நான்கைந்து வாரம் சேர்த்துத்தான் வீடு பேச வேண்டும்.

லாட்ஜ் ஏன் சரிப்படாது என்பதற்கு இன்னொரு காரணம் அடுப்படி. மூன்றாவது வாரத்திலிருந்து சோறு இறங்காது. எச்சில் வற்றிவிடும், காரம் பட்டாலே வாய் எரியும். நொய்க்கஞ்சி, மையாகக் கடைந்த பருப்புச் சாதம், மோர், பால் கலந்த சத்துமாவு என்று இரண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். எந்த மெஸ்ஸிலும் இது கிடைக்காது. ஹால் தனி, பெட்ரூம் தனி என்று இருப்பதும் அவசியம். இரவெல்லாம் சளி கட்டி அப்பா எழுந்து எழுந்து துப்புவார். அம்மாவும் நானும் முறைவைத்துத் தூங்கினோம். ஒரே அறையாக இருந்திருந்தால் மூன்று பேருமே விழுந்திருப்போம்.

எங்கள் ஆஸ்பத்திரி அடையாறு பக்கம். 1954-ல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தொடங்கிய புற்றுநோய் நிலையம் அங்கே இருப்பதால், காந்தி நகர், கஸ்தூர்பா நகர், இந்திரா நகர், கோட்டூர்புரம் பக்கமெல்லாம் வெளியூர் நோயாளிகள் புதிதல்ல. கிரீம்ஸ் ரோடு பக்கம் போனால் வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வருகிறவர்களுக்கென்றே விடுதிகளும் மீன்குழம்புச் சாப்பாட்டுக் கடைகளும் தெருத்தெருவாக இருக்கின்றன. ஆஸ்பத்திரியைச் சுற்றி இப்படிப் பழகிப்போன தெருக்கள் எவை என்று முதலில் கண்டுபிடியுங்கள். அங்கே பத்து நிமிடத்தில் முடிகிற பேச்சு, பழக்கமில்லாத ஏரியாவில் பத்து வீடு ஏறினாலும் முடியாது.

வேளச்சேரி, மேடவாக்கம் பக்கம் வாடகை குறைவு என்று பலர் சொன்னார்கள். உண்மைதான். ஆனால் தினமும் போய்வர ஆட்டோச் செலவைப் போட்டுப் பார்த்தால் அந்த லாபம் பெரிதாக நிற்காது. மெட்ரோ ரயில் இரண்டாம் கட்ட வேலையால் எல்.பி. ரோடு பக்கம் வழியை அடிக்கடி மாற்றுகிறார்கள். நாலாவது வாரத்துக்குப் பிறகு அப்பாவால் ஆட்டோவில் இருபது நிமிடம் உட்கார முடியவில்லை, ஒவ்வொரு குலுக்கலுக்கும் கழுத்தைப் பிடித்துக்கொள்வார். அத்தோடு மழை. நாங்கள் தங்கப்போவது நவம்பர்வரை. நோயாளிக்குப் படி ஏறாத தரைத்தளம்தான் நல்லது என்று மனசு சொல்லும். ஆனால் 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் வேளச்சேரித் தெருக்கள் எப்படிக் கிடந்தன என்று எல்லாருக்கும் தெரியும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் தங்குகிறவர்கள், தரைத்தள வீடு என்றால் எதிரே உள்ள கடைக்காரரிடம் "2023-ல தண்ணி எதுவரைக்கும் வந்துச்சுண்ணே?" என்று கேட்காமல் முடிவெடுக்காதீர்கள். வீட்டுக்காரர் சொல்வதைவிடச் சுவரில் இருக்கும் தண்ணீர்க் கறை சரியாகச் சொல்லும்.

வீடு தேடும் ஆப்களைப் பார்த்தேன். தெருவுக்கு என்ன வாடகை போகிறது என்று தெரிந்துகொள்ள அவை உதவின. மூன்று மாத வீடு அங்கே கிடைப்பது அபூர்வம், "மினிமம் லெவன் மந்த்ஸ்" என்று சொல்லிப் போனை வைத்துவிடுவார்கள். எங்களுக்கு வழி காட்டியது ஆஸ்பத்திரி காத்திருப்புக் கூடம்தான். ரேடியேஷன் அறைக்கு வெளியே தினமும் அதே முகங்கள். யாருக்கு எத்தனை பாக்கி, யார் எப்போது ஊருக்குக் கிளம்புகிறார்கள் என்று எல்லாருக்கும் தெரிந்திருக்கும். கிளம்பப்போகும் குடும்பத்திடம் பேசினால் வீட்டுக்காரர் நம்பர் கிடைக்கும், அந்த வீட்டின் குறைகளும் ஒளிவுமறைவில்லாமல் கிடைக்கும். நோயாளிக்கு வீடு கொடுத்துப் பழகியவர் என்பதால் பாதிப் பேச்சு மிச்சம். அதே கூடத்தில்தான் கட்டில், மிக்ஸி, பிளாஸ்டிக் நாற்காலி எல்லாம் கை மாறும். இதை விட்டால் மருந்துக்கடைக்காரர், இஸ்திரி வண்டிக்காரர், அப்பார்ட்மென்ட் வாட்ச்மேன். எந்த வீடு பூட்டிக் கிடக்கிறது என்று இஸ்திரிக்காரருக்குத் தெரியாமல் இருக்காது.

பூட்டிக் கிடக்கும் வீடு என்று சொன்னேன் அல்லவா, அதுதான் முக்கியமான சங்கதி. அடையாறு, பெசன்ட் நகர், மயிலாப்பூரில் பிள்ளைகள் அமெரிக்காவில் இருக்க, இங்கே கட்டில், பிரிட்ஜ், கேஸ் அடுப்போடு பூட்டி வைத்திருக்கும் பிளாட்கள் நிறைய உண்டு. வருஷக் கணக்கில் வாடகைக்கு விட அவர்களுக்கு மனசில்லை, லீவுக்கு வந்தால் தங்க வேண்டும். மூன்று மாதம் என்றால் சந்தோஷமாகக் கொடுப்பார்கள். சாவி ஒரு சித்தப்பாவிடமோ மாமியிடமோ இருக்கும். டிசம்பர், ஜனவரியில் மட்டும் இந்த வீடுகளைக் கேட்காதீர்கள். அவர்களே வந்துவிடுவார்கள், இல்லையென்றால் மார்கழிக் கச்சேரி சீசனுக்கு வருகிறவர்கள் கூடுதல் வாடகை கொடுத்து எடுத்துவிடுவார்கள். சாதாரண வாடகை வீட்டுக்கு நேர்மாறு. ஆடியிலும் மார்கழியிலும் யாரும் குடிபோக மாட்டார்கள் என்பதால் காலியான வீடு காலியாகவே நிற்கும், வீட்டுக்காரரும் இறங்கி வருவார். நாங்கள் பேசியது ஆடி மாதம். அம்மாவுக்கு ஆடியில் பால் காய்ச்ச மனசில்லை. "வைத்தியத்துக்குப் போறதுக்கு ஆடி என்ன ஆவணி என்ன" என்று அப்பாதான் சொன்னார்.

நோயைச் சொல்லி வீடு கேட்பதா, மறைப்பதா என்ற குழப்பம் எல்லாருக்கும் வரும். போனிலேயே, முதல் நிமிடத்திலேயே சொல்லிவிடுங்கள் என்பேன். கழுத்துத் தோல் கறுத்து, மூக்கில் குழாயோடு நோயாளி வரும்போது எப்படியும் தெரிந்துவிடும். சிகிச்சைக்கு நடுவில் வீட்டைக் காலி செய்யச் சொன்னால் போவதற்கு இடமிருக்காது. நான் பேசிய ஓர் அம்மா நன்றாகத்தான் பேசிக்கொண்டிருந்தார். ரேடியேஷன் என்றதும் குரல் மாறியது. "தப்பா எடுத்துக்காதம்மா. மருமக மாசமா இருக்கா. அந்தக் கதிர் உங்க அப்பா மேலேர்ந்து வீசும்ல?" அவர் பயந்தது புள்ளைத்தாய்ச்சிக்காக, அதில் கோபப்பட ஒன்றுமில்லை. ஆஸ்பத்திரியில் மெஷின் இயக்கும் தம்பியிடம் கேட்டேன். "மெஷின ஆஃப் பண்ணினா கதிர் அவ்வளவுதான்க்கா. லைட்ட அணைச்ச மாதிரி. அவங்க உடம்புல எதுவும் தங்காது. பேரன் பேத்தியத் தூக்கி வச்சுக்கலாம்" என்றார். வெளியிலிருந்து மெஷின் மூலம் கொடுக்கும் கதிர்வீச்சுக்கு இது பொருந்தும். தைராய்டுக்கு அயோடின் மருந்து கொடுக்கும் சிகிச்சை வேறு, அதற்குச் சில நாள் விலகியிருக்கச் சொல்வார்கள். அதன் பிறகு பேசிய வீட்டுக்காரர்களிடம் அவர்கள் கேட்பதற்கு முன்னாலேயே இதைச் சொன்னேன். பயம் இருந்தவர்களில் சிலர் சமாதானமானார்கள். புற்றுநோய் ஒட்டுவாரொட்டி இல்லை என்பதைக்கூட இன்றைக்கும் சொல்லத்தான் வேண்டியிருக்கிறது.

பெசன்ட் நகரில் ஒரு வீடு எல்லா வகையிலும் பிடித்திருந்தது. காற்றோட்டம், லிஃப்ட், நியாயமான வாடகை. சாவி கொடுக்கும் நேரத்தில், "சுத்த சைவம்தானே நீங்க? முட்டைகூட இங்க கூடாது" என்றார்கள். அன்று காலையில்தான் டயட்டீஷியன் புரதம் குறையக் கூடாது, தினமும் இரண்டு முட்டை வெள்ளைக்கரு கட்டாயம் என்று எழுதிக் கொடுத்திருந்தார். தலையாட்டிவிட்டு உள்ளே அவித்துக்கொள்ளலாம் என்று அம்மா சாடை காட்டினார். எனக்கு மனசு ஒப்பவில்லை. சாப்பிட முடியாமல் தவிக்கிற மனுஷனுக்கு ஒளித்து ஒளித்து முட்டை கொடுக்கும் நிலை வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தோம். எடை குறையாமல் பார்த்துக்கொள்வதுதான் இந்தச் சிகிச்சையில் வீட்டார் கையில் இருக்கும் ஒரே வேலை. அதற்கு ஒத்துவராத வீடு எவ்வளவு அழகாக இருந்தும் பயனில்லை.

இனி பணம். குறுகிய கால வீட்டுக்கு மாத வாடகையைப் பார்க்கவே கூடாது. உள்ளே போவதிலிருந்து வெளியே வருவதுவரை திரும்பி வராத பணம் எவ்வளவு என்று கூட்டி, மாதத்தால் வகுங்கள். எங்கள் முன் இருந்த இரண்டு வீடுகளைச் சொல்கிறேன். ஒன்று வாடகை 14,000. புரோக்கர் கமிஷன் ஒரு மாத வாடகை. காலி செய்யும்போது பெயின்ட் அடிக்க ஒரு மாதம் பிடித்துக்கொள்வார்கள், சென்னையில் அது எழுதாத சட்டம். அட்வான்ஸ் ஒரு லட்சம். மூன்று மாத வாடகை 42,000, கமிஷனும் பெயின்ட்டும் 28,000, ஆக 70,000. வெறும் சுவர், கட்டில்கூடக் கிடையாது. இன்னொன்று வாடகை 22,000. கட்டில், பிரிட்ஜ், அடுப்பு, வாஷிங் மெஷின் உண்டு. புரோக்கர் இல்லை, பெயின்ட் பிடித்தம் இல்லை என்று பேசிவிட்டோம். மூன்று மாதத்துக்கு 66,000. மலிவாகத் தெரிந்த வீடுதான் விலை அதிகம். அது போக, ஒரு லட்சம் அட்வான்ஸில் முடங்கினால் மருந்துச் செலவுக்கு வட்டிக்கு வாங்க வேண்டியிருக்கும். எங்களைப் போன்ற குடும்பங்களுக்கு இது சின்ன விஷயமே இல்லை.

பத்து மாத அட்வான்ஸ் என்ற பழைய வழக்கத்தைச் சொல்லி மிரட்டினால் மிரள வேண்டாம். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம், இரு தரப்பும் வேறு மாதிரி ஒப்புக்கொள்ளாதவரை மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் கேட்கக் கூடாது என்கிறது. ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. சட்டத்தைக் காட்டிச் சண்டை போட்டு வீடு வாங்க முடியாதுதான். ஆனாலும் தங்குவது மூன்று மாதம், எதற்கு ஆறு மாத அட்வான்ஸ் என்று தன்மையாகக் கேட்டால் பெரும்பாலானவர்கள் இறங்குகிறார்கள். நாங்கள் இரண்டு மாதத்தில் முடித்தோம்.

மூன்று மாதத்துக்கு எதற்குப் பத்திரம், வாய்வார்த்தை போதும் என்பார்கள். போதாது. முத்திரைத்தாளில் எழுதி வாங்குங்கள். அதில் மூன்று வரி கட்டாயம் இருக்கட்டும். சிகிச்சை தள்ளிப்போனால் அதே வாடகைக்கு ஒரு மாதம் நீட்டிக்கலாம், முழு மாதம் தங்காவிட்டால் நாள் கணக்கு. நோயாளியின் நிலை காரணமாக முன்னதாகக் காலி செய்ய நேர்ந்தால் பதினைந்து நாள் முன்னறிவிப்பு போதும். கடைசி மாத வாடகையை அட்வான்ஸில் கழித்துக்கொள்ளலாம். இரண்டாவது வரியைக் கேட்க வாய் வராது. எதை நினைத்து அதைக் கேட்கிறோம் என்று இரு தரப்புக்கும் தெரியும். என்றாலும் கேளுங்கள். எங்கள் வீட்டுக்காரர், ஓய்வுபெற்ற போஸ்ட் மாஸ்டர், அந்த வரியை நான் சொல்லி முடிக்கவிடாமல், "எழுதிக்கோம்மா, எழுதிக்கோ" என்றார்.

வீட்டைப் பார்க்கப் போகும்போது நோயாளியின் ஒரு முழு நாளை மனதில் ஓட்டிக்கொண்டே பாருங்கள். பாத்ரூம் வாசற்படி எவ்வளவு உயரம், வெஸ்டர்ன் டாய்லெட் உண்டா, உள்ளே பிடித்துக்கொள்ள ஏதாவது இருக்கிறதா. கழுத்தைக் குனிய முடியாதவர் வாய் கொப்பளிக்க வாஷ்பேசின் பெட்ரூம் பக்கத்தில் இருக்கிறதா. அப்பா ஒரு நாளைக்குப் பத்து தடவை உப்பும் சோடா உப்பும் கலந்த தண்ணீரில் கொப்பளித்தார், ஒவ்வொரு முறையும் அடுப்படிக்கு நடப்பது முடியாத காரியம். ஜன்னலுக்குக் கொசுவலை அடித்திருக்கிறதா என்று பாருங்கள். பக்கிங்ஹாம் கால்வாய்க்கும் அடையாற்றுக்கும் நடுவில் உள்ள தெருக்களில் சாயங்காலம் ஆறு மணிக்குக் கொசு கூட்டமாக இறங்கும். கீமோவில் எதிர்ப்புச் சக்தி குறைந்திருக்கும் உடம்புக்கு டெங்கு வந்தால் என்னாகும்? கேட் எத்தனை மணிக்குப் பூட்டுவார்கள் என்று கேளுங்கள். கூட்டம் அதிகமுள்ள ஆஸ்பத்திரிகளில் மெஷின் விடிகாலையிலும் ராத்திரியிலும் ஓடும், உங்களுக்கு எந்த நேரம் விழும் என்று முன்கூட்டித் தெரியாது. திடீர்க் காய்ச்சல் வந்தால் நள்ளிரவிலும் ஓட வேண்டும். கேட் சாவி ஒன்று உங்கள் கையில் இருக்க வேண்டும்.

தண்ணீரைப் பற்றிக் கேட்கும்போது "தண்ணி பிரச்சனையே இல்லை" என்ற பதிலோடு விடாதீர்கள். குழாயைத் திறந்து வாயில் வைத்துப் பாருங்கள், போர் தண்ணீர் உப்பா என்று தெரிந்துவிடும். மெட்ரோ வாட்டர் என்கிற குடிநீர் வாரியத் தண்ணீர் சம்புக்கு (தரைத்தொட்டிக்கு) வருகிறதா, லாரித் தண்ணீருக்குத் தனிக் காசா, மெயின்டனன்ஸ் யார் கட்டுவது என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். கரண்டுக்குத் தனி மீட்டர் இருந்தால் ஈபி இணைப்பு எண்ணை வாங்கி நீங்களே கட்டலாம், இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசமும் கிடைக்கும். பொது மீட்டரில் யூனிட்டுக்கு இவ்வளவு என்று வசூலிக்கும் வீடுகளில் அந்தச் சலுகை உங்களுக்கு வந்துசேராது. எப்படியானாலும் குடிபோகும் அன்று மீட்டர் ரீடிங்கைப் போட்டோ எடுத்து வீட்டுக்காரருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். சுவர் விரிசல், உடைந்த ஸ்விட்ச், கதவு கீறல் எல்லாவற்றுக்கும் அதே மாதிரி போட்டோ.

ஆன்லைனில் வீடு பார்க்கிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. ராணுவத்தில் இருக்கிறேன், வேறு ஊருக்கு மாற்றலாகிவிட்டது, வீட்டை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள் என்று அடையாள அட்டைப் படமெல்லாம் அனுப்பி, "கேட் பாஸ்" கட்டணம் என்றோ டோக்கன் அட்வான்ஸ் என்றோ பணம் கேட்பார்கள். பணம் உங்களுக்கு வருவதற்காக கியூஆர் கோடை ஸ்கேன் செய்யச் சொல்வதும் இதே கும்பலின் வேலை. பணம் வாங்குவதற்கு யாரும் ஸ்கேன் செய்யவோ பின் நம்பர் போடவோ தேவையில்லை. வீட்டுக்குள் கால் வைக்காமல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். பணம் போய்விட்டால் உடனே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-ஐ அழைக்க வேண்டும், தாமதிக்கும் ஒவ்வொரு மணி நேரமும் பணம் கைமாறிக்கொண்டே இருக்கும்.

கேஸ் இல்லாத வீடு கிடைத்தால் அதற்காக விட்டுவிட வேண்டாம். 5 கிலோ சிலிண்டர் பெட்ரோல் பங்குகளிலும் ஏஜென்சிகளிலும் அடையாள அட்டை காட்டினாலே கொடுக்கிறார்கள், முகவரிச் சான்று கேட்பதில்லை. கஞ்சிச் சமையலுக்கு அது தாராளம். தலைப்பக்கம் உயர்த்தும் ஆஸ்பத்திரிக் கட்டில், நெபுலைசர் எல்லாம் மெடிக்கல் சாதனக் கடைகளில் மாத வாடகைக்குக் கிடைக்கும். புதிதாக எதையும் வாங்காதீர்கள். மார்க்கெட்டுக்குப் போய்வர அம்மா நகரப் பேருந்தையே பிடித்துக்கொண்டார், சாதாரணக் கட்டணப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. கோவில்பட்டியைத் தாண்டித் தனியாகப் போயிராத அம்மா, திருவான்மியூர் மார்க்கெட்டில் பேரம் பேசிக் கீரை வாங்கி வந்ததை அப்பா எழுதிக் காட்டிச் சிரித்தார். பேச முடியாத வாரங்கள் அவை.

காலி செய்யும்போது, "அடுத்த ஆள் வந்ததும் அட்வான்ஸைத் தர்றேன்" என்பார்கள். உள்ளூரில் இருப்பவருக்கு அது வெறும் அலைச்சல். நமக்கு அந்தப் பணத்துக்காக அறுநூறு கிலோமீட்டர் வர வேண்டியிருக்கும். கடைசி மாத வாடகை ஏற்கெனவே கழிந்திருந்ததால் எங்களுக்கு வர வேண்டியது ஒரு மாதத் தொகைதான். கிளம்பும் நாளுக்கு ஒரு வாரம் முன்பே வீட்டுக்காரரை அழைத்து வீட்டைச் சுற்றிக் காட்டினோம். பழைய போட்டோக்களையும் மீட்டர் ரீடிங்கையும் பக்கத்தில் வைத்துக் கணக்குப் பார்த்தோம். கரண்டுக் காசு போக மீதியைச் சாவி வாங்கிய கையோடு ஜிபேயில் அனுப்பிவிட்டார்.

இப்போது ரிவியூவுக்கு மட்டும் வந்து போகிறோம். அதற்கு வீடு தேவையில்லை, ஒரு ராத்திரி லாட்ஜ் போதும். ரயிலில் புற்றுநோயாளிக்கு ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏசியிலும் கட்டணம் கிடையாது, துணைக்கு வருபவருக்கு 75 சதவீதம் தள்ளுபடி உண்டு. ஆஸ்பத்திரியில் அதற்கான படிவத்தில் டாக்டர் கையெழுத்தும் முத்திரையும் வாங்கிக் கொடுக்க வேண்டும். இதையும் எங்களுக்குச் சொன்னது அந்தக் காத்திருப்புக் கூடத்தில் பக்கத்து நாற்காலியில் இருந்த சங்கரன்கோவில் அக்காதான்.